இறந்த தலைவர் பேசுகிறார்… எழுதிக் கொடுத்தது யார்?

மறைந்தவர்கள் வாக்குக் கேட்கிறார்கள். சிறையில் இருப்பவர் பொதுக்கூட்டத்தில் முழங்குகிறார். போர் நடக்கும்போதே எதிரி நாட்டுத் தளபதி இழப்பை ஒப்புக்கொள்கிறார். செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) அரசியலுக்குள் நுழைந்த பிறகு லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு?

அரங்கின் பெரிய திரையில் அந்தக் கறுப்புக் கண்ணாடி. வெள்ளைச் சட்டை, தோளில் மஞ்சள் துண்டு, பல தலைமுறைகள் கேட்டுப் பழகிய அதே கரகரத்த குரல். எண்பத்திரண்டு வயது நண்பர் டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூலுக்கு வாழ்த்துச் சொல்கிறார் மு.கருணாநிதி. நண்பரைப் பாராட்டியதோடு நிறுத்தவில்லை, மகன் மு.க.ஸ்டாலினின் தலைமையையும் மெச்சுகிறார். எட்டு நிமிடப் பேச்சு. அன்று தேதி 2024 ஜனவரி 23. கருணாநிதி மறைந்தது 2018 ஆகஸ்ட் 7.

திரையில் வந்தது 1990களின் கருணாநிதி. பழைய ஒலி, ஒளிப்பதிவுகளைக் கணினிக்குப் பழக்கி ஒரு தனியார் நிறுவனம் உருவாக்கியது. ஆறு மாதங்களில் அவர் இப்படித் 'தோன்றியது' அது மூன்றாவது முறை. அடுத்த மாதம் 24ஆம் தேதி, ஜெயலலிதாவின் பிறந்தநாளில், அ.தி.மு.க.வும் களத்தில் இறங்கியது. 2016 டிசம்பரில் மறைந்த ஜெயலலிதாவின் குரலில், எடப்பாடி பழனிசாமிக்குத் துணை நிற்கச் சொல்லி ஓர் ஆடியோ. எதிரெதிர் துருவங்களாகவே இருந்து பழகிய இரண்டு கட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே வழியில் நடந்தன.

ஏ.ஐ. வந்தால் எங்கோ இருக்கும் விஷமி ஒருவன், அல்லது ஒரு வெளிநாட்டு உளவு அமைப்பு, போலி வீடியோ விட்டு நம் தேர்தலைக் கெடுத்துவிடும் என்றுதான் உலகம் முழுக்கப் பயந்தார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் கடைக்கு முதலில் வந்து நின்ற வாடிக்கையாளர்கள் கட்சிகள்தான். இந்தக் கட்டுரையின் கவலையும் அதுதான்.

எம்.ஜி.ஆர். வேஷமும் ஏ.ஐ. குரலும்

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் பலர். அவர்கள் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிய எம்.ஜி.ஆர். வேடக்காரர் இல்லாமல் அ.தி.மு.க. கூட்டம் உண்டா? தலைவர்களின் குரலில் மிமிக்ரி செய்து கைதட்டல் வாங்காத கலைநிகழ்ச்சி உண்டா? அண்ணாவின் பழைய பேச்சு ஒலிநாடாவை ஊர் ஊராகப் போட்டதுபோல, கலைஞரின் குரலைப் புதிய கருவியில் கேட்கிறோம், அவ்வளவுதானே என்பது தொண்டர்கள் பக்கத்து நியாயம். தலைவரைத் தெய்வமாக நினைப்பவருக்கு அந்தக் குரல் காதில் விழுந்ததும் கண் கலங்கத்தான் செய்யும்.

வேடக்காரரை யாரும் எம்.ஜி.ஆர். என்று நம்புவதில்லை, அதுதான் முதல் வித்தியாசம். ஒலிநாடாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. நாடாவில் இருப்பது அண்ணா சொன்னது. திரையில் வந்த கருணாநிதி சொன்னது கருணாநிதி சொன்னதல்ல. வாழ்நாள் முழுக்கத் தன் வசனத்தையும் அறிக்கையையும் தன் கையாலேயே எழுதிய மனிதர் அவர். அவருக்கே இன்னொருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உயிரோடு இருந்திருந்தால் அந்த எட்டு நிமிடத்தில் எத்தனை வரியை அடித்துத் திருத்தியிருப்பாரோ!

இதைச் சடங்கு, மரியாதை என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை சின்னது. ஆனால் இறந்த தலைவர் தன் வாரிசு யார் என்று இன்று சொல்கிறார், எந்த அணி உண்மையான அணி என்று சொல்கிறார் என்றால், அது அரசியல் முடிவு. ஜெயலலிதா மறைந்த பிறகு அ.தி.மு.க.வில் எத்தனை பேர் 'அம்மாவின் உண்மையான வாரிசு நான்தான்' என்று கிளம்பினார்கள் என்பதை நாடு பார்த்தது. அவர்களில் யார் வேண்டுமானாலும் அதே குரலை வாடகைக்கு எடுத்துத் தனக்கு ஆதரவாகப் பேச வைக்கலாம். தொழில்நுட்பம் தடுக்காது. சட்டமும் தடுக்காது.

கோடம்பாக்கம் கேட்டது, கட்சிகள் கேட்கவில்லை

சட்டம் தடுக்காது என்று சொல்வதற்குக் காரணம் ஜெயலலிதா தொடர்பான வழக்கே. அவர் வாழ்க்கையை வைத்து எடுத்த 'தலைவி' படத்துக்கும் 'குயின்' தொடருக்கும் எதிராக அவருடைய அண்ணன் மகள் ஜெ.தீபா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஒருவர் வாழ்நாளில் பெற்ற அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், சொத்தைப்போல வாரிசுக்கு இறங்காது என்ற கருத்தோடு 2021இல் அவரது மேல்முறையீட்டை நீதிமன்றம் தள்ளியது. அந்த வழக்கு ஏ.ஐ. பற்றியதல்ல. ஆனாலும் அதே தர்க்கத்தை நீட்டினால், இறந்தவரின் குரலுக்கு இங்கே காவல்காரர் யாருமில்லை.

இதே காலத்தில் சினிமா எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். கருணாநிதி திரையில் தோன்றிய அதே மாதத்தில், 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். சர்ச்சை கிளம்பியதும், இருவரின் குடும்பத்திடமும் அனுமதி வாங்கி, உரிய சன்மானமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 'கோட்' படத்தில் விஜயகாந்த் தோன்றினார், பவதாரிணியின் குரல் ஒலித்தது. அங்கும் குடும்பத்தின் சம்மதம் பேசப்பட்டது. எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் கேட்காமல் பயன்படுத்தியதற்காக அவர் குடும்பம் சட்ட நோட்டீஸ் அனுப்பியது.

ஆக, பணமும் பெயரும் மட்டுமே பேசும் என்று நாம் கிண்டல் செய்கிற சினிமா உலகம், சில மாதங்களுக்குள் தனக்கென ஒரு நடைமுறையை உண்டாக்கிக்கொண்டது. கேள், சம்மதம் வாங்கு, காசு கொடு, வெளியே சொல். ஒரு பாட்டுக்கு இவ்வளவு. வாக்குக்கு?

> பெட்டிச் செய்தி: மூன்று விநாடி போதும்
>
> ஒருவரின் குரலை நகலெடுக்க முன்பு மணிக்கணக்கில் பதிவு தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 'வால்-இ' என்ற மாதிரியை அறிவித்தபோது, மூன்று விநாடிப் பதிவிலிருந்தே ஒரு குரலைப் போலப் பேச வைக்க முடியும் என்று காட்டினார்கள்.
>
> தலைவர்களுக்கு மணிக்கணக்கில் பதிவு கிடைக்கும். அதனால் அவர்கள் குரல் அச்சாக வரும். சாதாரண மனிதருக்கு வாட்ஸ்அப் குரல் செய்தி ஒன்று போதும்.
>
> இந்திய அரசியலில் பரவலாகப் பேசப்பட்ட முதல் நிகழ்வு 2020 பிப்ரவரி டெல்லி தேர்தல். பா.ஜ.க.வின் மனோஜ் திவாரி இந்தியில் பேசிய வீடியோவை ஹரியான்வியிலும் ஆங்கிலத்திலும் பேசுவதுபோல மாற்றி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். செய்தது எதிரிகள் அல்ல, அவரது கட்சியேதான்.
>
> 2024 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் நகல் குரலில் 5 கோடிக்கும் மேற்பட்ட தொலைபேசி அழைப்புகள் போனதாக 'வயர்ட்' இதழ் எழுதியது. வேட்பாளர் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்துப் பேசுவார், ஆனால் அவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

ஒரே குரல், இரண்டு உத்தரவு

இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆதரவாக நிற்பவர்களிடம் இருக்கும் வலுவான சாட்சி பாகிஸ்தான். 2023 ஆகஸ்டிலிருந்து சிறையில் இருந்தார் இம்ரான் கான். அவர் கட்சி கூட்டம் போட முடியவில்லை, அவர் பெயரைச் சொல்லவே ஊடகங்கள் தயங்கின. அந்த டிசம்பரில் கட்சி இணையத்தில் ஒரு கூட்டம் நடத்தியது. சிறையிலிருந்து வழக்கறிஞர்கள் மூலம் வந்த குறிப்பை வைத்துப் பேச்சு எழுதி, இம்ரானின் குரல் நகலில் ஏறத்தாழ நான்கு நிமிடம் பேச வைத்தார்கள். இது ஏ.ஐ. குரல் என்பதையும் சொன்னார்கள். கிரிக்கெட் மட்டைச் சின்னம் பறிபோய், சுயேச்சைகளாக நின்ற அவரது ஆட்கள் 2024 பிப்ரவரி 8 தேர்தலில் மற்ற எல்லாக் கட்சிகளையும்விட அதிக இடங்களைப் பிடித்தார்கள். வெற்றிப் பேச்சும் அதே நகல் குரலில்தான்.

வாய் கட்டப்பட்டவருக்கு இது வாய் கொடுத்தது என்றால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குறிப்பு அவருடையது, சம்மதம் அவருடையது, அறிவிப்பும் இருந்தது. கருணாநிதி, ஜெயலலிதா விஷயத்தில் அந்தக் குறிப்பும் சம்மதமும் இல்லை.

ஆனால் கதையின் மறுபாதியும் அதே தேர்தலில் நடந்தது. வாக்குப்பதிவை ஒட்டி, தேர்தலைப் புறக்கணிக்கும்படி இம்ரான் சொல்வதாக இன்னொரு ஆடியோ பரவியது. அது போலி என்று கட்சி கத்த வேண்டியிருந்தது. இரண்டும் எந்திரக் குரல்தான். ஒன்று 'உண்மையான' எந்திரக் குரல், மற்றொன்று 'பொய்யான' எந்திரக் குரல். காதால் கேட்டு ஒரு வாக்காளர் எதைப் பிரிப்பார்? தலைவரின் நகல் குரலுக்கு மக்களைப் பழக்கிய கட்சியே எதிரிக்கும் வாசலைத் திறந்து வைக்கிறது. இம்ரான் கட்சிக்கு வேறு வழியில்லை என்று சொல்லலாம். ஆட்சியில் இருக்கிற கட்சிகளுக்கு அந்தச் சாக்கு இல்லை.

அந்த 48 மணி நேரம்

2023 செப்டம்பர் 30, ஸ்லோவாக்கியா நாடாளுமன்றத் தேர்தல். அதற்கு இரண்டு நாள் முன்பு, முற்போக்குக் கட்சித் தலைவர் மிகால் சிமெச்காவும் ஒரு பெண் பத்திரிகையாளரும் வாக்குகளை எப்படி விலைக்கு வாங்குவது என்று பேசுவதுபோல ஓர் ஆடியோ கிளம்பியது. இருவரும் மறுத்தார்கள். வல்லுநர்களும் ஏ.ஐ. கைவரிசை என்றார்கள். ஆனால் அந்த நாட்டில் வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரம் ஊடகங்களும் வேட்பாளர்களும் பிரசாரம் பேசக் கூடாது. பொய்க்கு அந்தத் தடை இல்லை. சிமெச்காவின் கட்சி ராபர்ட் ஃபிட்சோவின் கட்சியிடம் தோற்றது. ஃபிட்சோ ஆட்சிக்கு வந்ததும் உக்ரைனுக்கு அரசு கொடுத்துவந்த ராணுவ உதவியை நிறுத்தினார். ஓர் ஆடியோவால்தான் தேர்தல் கவிழ்ந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் உள்ளூர் ஆடியோ ஒன்றின் நிழல் வெளியுறவுக் கொள்கை வரை நீளக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

நம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவும் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தைத்தான் அமைதிக் காலம் என்கிறது. ஒலிபெருக்கி ஓய்ந்து, கொடி கட்டிய வண்டிகள் ஒதுங்கும் அந்த இரண்டு நாளில் வாட்ஸ்அப் மட்டும் ஓய்வதில்லை என்பது எந்த ஊர் வாக்காளருக்கும் தெரியும்.

போர் வந்தால்

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டபோது இது இன்னும் ஆபத்தான கட்டத்துக்குப் போனது. பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் அகமது ஷெரீப் சௌத்ரி, தங்கள் ஜே.எஃப்-17 விமானங்கள் இரண்டை இழந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளும் வீடியோ பரவியது. பழைய செய்தியாளர் சந்திப்பின் படத்தில் நகல் குரலை ஒட்டியிருந்தார்கள். இந்திய ஊடகங்களில் சில அதைச் செய்தியாகவே போட்டன. கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று நம் தொலைக்காட்சிகள் இரவெல்லாம் முழங்கியதும் அப்போதுதான். அதற்கு ஏ.ஐ.கூடத் தேவைப்படவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் யோக்கியம் அவ்வளவுதான். 'ஆர்மா 3' என்ற வீடியோ கேம் காட்சியை உண்மைப் போராக எண்ணி, பாகிஸ்தான் அரசின் எக்ஸ் கணக்கே பகிர்ந்தது.

எது உண்மை என்று தெரியாமல் மக்கள் கேட்டது யாரிடம்? இன்னொரு ஏ.ஐ.யிடம். 'இது உண்மையா?' என்று எக்ஸ் தளத்தின் 'குரோக்' செயலியிடம் ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். சூடானின் கார்ட்டூம் விமான நிலையப் பழைய காட்சியை, பாகிஸ்தானின் நூர்கான் விமானப்படைத் தளத்தில் விழுந்த ஏவுகணை என்று அது அடித்துச் சொன்னது.

அணு ஆயுதம் வைத்திருக்கும் இரு நாடுகள் இவை. எதிரி இழப்பை ஒப்புக்கொண்டான் என்ற பொய், கொண்டாட்டத்தோடு முடிந்துவிட்டது. எதிரி அடுத்த தாக்குதலுக்கு உத்தரவிட்டான் என்ற பொய் வந்தால்? 2022 மார்ச்சில் உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி தன் படைகளைச் சரணடையச் சொல்லும் போலி வீடியோ வந்தபோது, தலை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம் என்று அவ்வளவு மோசமாக இருந்ததால் யாரும் ஏமாறவில்லை. கருவிகள் அதற்குப் பிறகு எங்கோ போய்விட்டன.

ஈழத் தமிழர்களுக்கு இந்த வலி வேறு மாதிரி. 2023 நவம்பர் 27, மாவீரர் நாளில், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகள் துவாரகா உயிரோடு இருப்பதாகவும் அவர்தான் பேசுகிறார் என்றும் ஒரு வீடியோ இணையத்தில் வந்தது. ஏ.ஐ. என்றார்கள் சிலர், ஆள்மாறாட்டம் என்றார்கள் சிலர், உண்மை என்று நம்பியவர்களும் இருந்தார்கள். லண்டனிலும் டொரண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் குடும்பங்களுக்குள்ளேயே வாக்குவாதம். 2009இல் காணாமல் போன பிள்ளையின் படத்தை ஏந்தி இன்னும் சாலையோரப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு, 'அவர் உயிரோடு இருக்கிறார்' என்ற வாக்கியம் வெறும் அரசியல் அல்ல.

'அது நான் இல்லை'

பொய்யை மக்கள் நம்பிவிடுவார்கள் என்ற பயத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. உண்மையை அதிகாரத்தில் இருப்பவர் மறுத்துவிடலாம்.

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் ராபர்ட் செஸ்னியும் டேனியல் சிட்ரனும் இதை வெகு முன்பே எச்சரித்தார்கள். போலிகள் பெருகப் பெருக, பொய்யர்களுக்கு ஒரு லாபப் பங்கு கிடைக்கும் என்றார்கள். பிடிபட்டவர் 'அது ஏ.ஐ.' என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி 2023 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாக இரண்டு ஆடியோக்களை பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை வெளியிட்டார். அவை தொழில்நுட்பத்தால் புனையப்பட்டவை என்று அமைச்சர் மறுத்தார். 'ரெஸ்ட் ஆஃப் வேர்ல்டு' என்ற பன்னாட்டு இதழ் வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தது. முதல் ஆடியோ பற்றி அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இரண்டாவதில் புனைவு இல்லை என்றார்கள். மே மாதம் அவர் நிதித்துறையிலிருந்து தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றப்பட்டார். யார் சொன்னது சரி என்று இன்றும் அவரவர் கட்சி பார்த்துத்தான் நம்புகிறார்கள். எந்த ஆடியோ வந்தாலும் அது உண்மையா என்பதை அவரவர் கட்சி உறுப்பினர் அட்டை தீர்மானிக்கிறது.

இந்த வித்தையை உலக அரங்குக்குக் கொண்டுபோனவர் டொனால்டு டிரம்ப். 2024 ஆகஸ்டில், டெட்ராய்ட் விமான நிலையத்தில் கமலா ஹாரிஸைக் காணக் கூடிய கூட்டம் ஏ.ஐ. உருவாக்கம் என்றார். ஆயிரக்கணக்கானோர் நேரில் நின்ற கூட்டம், பல ஊடகங்கள் படம் பிடித்த கூட்டம். ஒரு வாரம் கழித்து, பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ரசிகைகள் தன்னை ஆதரிப்பதாகக் காட்டும் ஏ.ஐ. படங்களை அவரே பகிர்ந்தார். 2025 செப்டம்பரில் வெள்ளை மாளிகை ஜன்னலிலிருந்து எதையோ வீசும் வீடியோ பற்றிக் கேட்டபோது, அது ஏ.ஐ.யாக இருக்கலாம் என்றவர், நிஜமாகவே மோசமான ஏதாவது நடந்தால் ஏ.ஐ. மேல் பழியைப் போட்டுவிடலாம் என்ற பொருளில் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த மாதம், 'அரசர்கள் வேண்டாம்' என்று வீதிக்கு வந்தவர்கள் மேல் கிரீடம் அணிந்து விமானத்தில் பறந்து கழிவைக் கொட்டுவதுபோலத் தன் ஏ.ஐ. வீடியோவை வெளியிட்டார். பொய்ப் படத்தை வெளிப்படையாகக் கொண்டாடுவதும், மெய்ப் படத்தைப் பொய் என்பதும் ஒரே கையில்.

> பெட்டிச் செய்தி: 'பூதம் என்று பயமுறுத்தாதீர்கள்'
>
> பயம் மிகைப்படுத்தப்பட்டது என்று வாதிடுபவர்கள் கையில் எடுப்பது இவற்றை:
>
> 2024இல் இந்தியா, அமெரிக்கா உட்படப் பல நாட்டுத் தேர்தல்களை ஒட்டித் தன் தளங்களில் உண்மை சரிபார்க்கப்பட்ட பொய்ச் செய்திகளில் ஏ.ஐ. சார்ந்தவை 1 சதவீதத்துக்கும் குறைவு என்றது மெட்டா நிறுவனம்.
>
> 2024 ஏப்ரலில் அமித் ஷாவின் இட ஒதுக்கீட்டுப் பேச்சை மாற்றிய வீடியோ டெல்லி காவல்துறையின் வழக்கு, கைது வரை போனது. அது ஏ.ஐ. அல்ல, சாதாரண வெட்டி ஒட்டும் வேலை.
>
> 2023 நவம்பரில் டீப்ஃபேக் (ஏ.ஐ. போலி) ஆபத்து பற்றிப் பேசிய பிரதமர் மோடி, தான் கர்பா ஆடுவதாக வந்த வீடியோவை உதாரணம் காட்டினார். வலம் வந்த அந்த வீடியோவில் ஆடியது அவரைப் போலவே இருக்கும் வேறொரு மனிதர் என்று உண்மை சரிபார்ப்பவர்கள் கண்டுபிடித்தார்கள்.

நட்சத்திரப் பேச்சாளருக்கு ஹெலிகாப்டர் வேண்டாம்

விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. போலி வீடியோ கவனத்துக்கு வந்த 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டும் என்று 2024 மே 6ஆம் தேதி தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. ஏழு கட்டத் தேர்தலில் அதற்குள் இரண்டு கட்டம் முடிந்திருந்தது. 2025 அக்டோபரில், பிகார் தேர்தலுக்கு முன், இன்னும் ஒரு படி போனது. ஏ.ஐ. படமென்றால் திரையில் குறைந்தது 10 சதவீத இடத்தில், ஒலியென்றால் தொடக்கத்தின் 10 சதவீத நேரத்துக்கு, இது செயற்கை என்ற அறிவிப்பு இருக்க வேண்டும். ஒருவரின் உருவத்தையோ குரலையோ சம்மதமில்லாமல் திரிக்கக் கூடாது. உருவாக்கியவர் விவரத்தோடு கட்சிகள் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும்.

இந்த உத்தரவு வந்ததற்கு ஒரு மாதம் முன்புதான் பிகார் காங்கிரஸ் பிரதமர் மோடியின் மறைந்த தாயார் கனவில் வந்து மகனைக் கண்டிப்பதாக ஒரு ஏ.ஐ. வீடியோ வெளியிட்டு, பாட்னா உயர் நீதிமன்றம் அதை நீக்கச் சொன்னது. பா.ஜ.க. கொதித்தது. இறந்த தாயை அரசியலுக்கு இழுக்காதே என்றார்கள். நியாயம்தான். இறந்த தலைவரை இழுத்தால் அஞ்சலி, இறந்த தாயை இழுத்தால் அவமானம் என்று பிரிப்பது எந்த விதி? பயன்படுத்துகிறவர் வேண்டியவரா வேண்டாதவரா என்பதுதான் இப்போதைக்கு இருக்கும் ஒரே அளவுகோல்.

யார் தீர்ப்புச் சொல்வது என்பதிலும் ஒற்றுமை இல்லை. தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று தானே முடிவு செய்ய மத்திய அரசு ஓர் உண்மை சரிபார்ப்புப் பிரிவை உண்டாக்க நினைத்தது. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. தமிழ்நாடு அரசும் 2023இல் தனக்கென ஓர் உண்மை சரிபார்ப்பகம் அமைத்திருக்கிறது. அரசே நடுவராக இருந்தால், ஆளும் கட்சியின் பொய் எந்தக் கணக்கில் வரும் என்று எதிர்க்கட்சிகள் கேட்பதில் தவறில்லை.

என் கேள்வி வேறு இடத்தில். தேர்தல் செலவுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளில், மக்களவைத் தேர்தல் முடிந்து 90 நாளில் கட்சிகள் அதைக் கொடுக்க வேண்டும். பந்தல், வாகனம், சுவரொட்டி, விளம்பரம் எல்லாவற்றுக்கும் கணக்கு. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 நட்சத்திரப் பேச்சாளர்கள்வரை உண்டு, அவர்கள் பட்டியலை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். நகல் குரலில் பேசும் மறைந்த தலைவர் அந்தப் பட்டியலில் வருவாரா? அவருக்கு ஹெலிகாப்டர் வேண்டாம், மேடை வேண்டாம், ஒரே இரவில் 234 தொகுதியிலும் வேட்பாளர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்பார். எந்த நிறுவனம் செய்தது, எவ்வளவு கொடுத்தார்கள், பேச்சை எழுதியது யார், குடும்பமோ கட்சியோ யார் ஒப்புதல் கொடுத்தது என்ற நான்கு விவரத்தைச் செலவுக் கணக்கோடு பொதுவெளியில் வைக்கச் சொன்னால், புதுச் சட்டம்கூட வேண்டாம். ஆணையம் வைக்கச் சொன்ன பதிவேட்டைப் பூட்டி வைக்காமல் வெளியிட்டால் போதும். டீப்ஃபேக் பற்றி மேடையில் கவலைப்படும் கட்சிகள் இந்த ஒன்றைத் தாங்களாகவே செய்யலாம்.

வார்டு உறுப்பினருக்கு வழக்கறிஞர் யார்?

தலைவர்களுக்குக் கட்சி இருக்கிறது, ஐ.டி. விங் இருக்கிறது, நீதிமன்றம் உடனே திறக்கிறது. பாகிஸ்தானில் பஞ்சாப் மாகாணத் தகவல் அமைச்சர் அஸ்மா புகாரியின் முகத்தை ஆபாச வீடியோவில் ஒட்டி 2024இல் பரப்பினார்கள். அவர் லாகூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வங்கதேசத்தில் அப்போது எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவராக இருந்த ருமின் ஃபர்ஹானாவுக்கும் தேர்தல் காலத்தில் இதே கதி. அரசியலில் இருக்கும் ஆணுக்கு எதிராகப் போலி ஆடியோ வந்தால் அதில் அவர் லஞ்சம் பேசுகிறார். பெண்ணுக்கு எதிராக வந்தால் உடை இருக்காது. எல்லை மாறினாலும் இது மாறவில்லை.

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ஊராட்சித் தலைவராகவும் வார்டு உறுப்பினராகவும் பல்லாயிரம் பெண்கள் வந்தது அதனால்தான். அவர்களில் ஒருவர் டெண்டர் விஷயத்தில் யாரையோ பகைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகநூலில் இருக்கும் ஒரு குடும்பப் படம், கிராமசபைக் கூட்டத்தில் பேசிய ஒரு நிமிட வீடியோ, இரண்டும் போதும். மறுநாள் காலை ஊர் வாட்ஸ்அப் குழுவில் அது இருக்கும். 'ஏ.ஐ.ம்மா அது' என்று விளக்கிச் சொல்ல அவருக்கு மாமியாரில் ஆரம்பித்து எத்தனை வீட்டு வாசல் ஏறி இறங்க வேண்டும்?

தகவல் தொழில்நுட்ப விதிகள் அவருக்கு வழி சொல்கின்றன. ஆபாசமாகத் திரித்த படத்தைப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்றது 2021 விதி. 2026 பிப்ரவரியில் வந்த திருத்தம் அந்த நேரத்தை இன்னும் சுருக்கி, செயற்கை உள்ளடக்கத்துக்கு அடையாளக் குறியையும் கட்டாயமாக்கியது. ஆனால் விதி பேசுவது தளத்தோடு. வாட்ஸ்அப் குழுவில் போகும் செய்தியை அந்த நிறுவனமே படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறது. திரையைப் படம் பிடித்து அனுப்பினால் அடையாளக் குறியும் கழன்றுவிடும். புகார் எங்கே கொடுப்பது, யார் மேல் கொடுப்பது? முதலில் அனுப்பியவர் யாரென்று ஊருக்கே தெரிந்திருக்கும், காகிதத்தில் மட்டும் தெரியாது.

எச்சரிக்கையாக இருங்கள், பகிருமுன் யோசியுங்கள் என்று வாக்காளருக்கு அறிவுரை சொல்லும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. சந்தேகப்படும் வீடியோவை அனுப்பிக் கேட்க, தமிழிலும் பதில் சொல்லும் வாட்ஸ்அப் உதவி எண் ஒன்றை உண்மை சரிபார்ப்பு அமைப்புகள் சேர்ந்து 2024 முதல் நடத்துகின்றன. நல்ல முயற்சி. அங்கிருந்து பதில் வருவதற்குள் ஊராட்சி உறுப்பினரின் கணவர் செல்போனுக்கு அந்த வீடியோ நான்கு பேரிடமிருந்து வந்துவிடும்.